மயங்கியவரின் நாடி யாருக்குச் சாட்சி?

காசி மன்னன் அஜாதசத்ருவுக்குப் பிரம்மத்தைக் கற்பிக்க வந்தார் கார்க்கிய பாலாகி. படிப்பும் இருந்தது, அதற்குமேல் செருக்கும் இருந்தது. அவர் சொன்னதையெல்லாம் மன்னன் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட, கடைசியில் வாயடைத்துப் போனார். மன்னன் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் முன்னால் நிறுத்தினான். பெயர்கள் சொல்லிக் கூப்பிட்டான், தூங்கியவன் எழவில்லை. கையால் உலுக்கினான், எழுந்துகொண்டான். இவ்வளவு நேரம் இவன் எங்கே இருந்தான், இப்போது எங்கிருந்து வந்தான் என்று மன்னன் கேட்டதற்குப் பாலாகியிடம் பதில் இல்லை. பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் கதை இது.

அந்தச் சோதனை இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் நாள்தோறும் நடக்கிறது. மருந்து ஏறியதும் மயக்கவியல் மருத்துவர் நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இமை மயிரை விரல் நுனியால் தொட்டுப் பார்க்கிறார். பதில் இல்லை என்றால் வேலை ஆரம்பமாகிறது. அஜாதசத்ருவிடம் இல்லாத ஒன்று மட்டும் அவரிடம் உண்டு: தலைமாட்டு மானிட்டரில் ஓடும் இதயத் துடிப்பு. கூப்பிட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆனால் கத்தி பட்டதும் 68 என்று இருந்த எண் 90-க்கு ஏறலாம். கண் தசையைச் சற்று இழுத்தால் 40-க்கு இறங்கலாம். அப்படியானால் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பது யார்?

தத்துவவாதிகள் உறக்கத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு மயக்கத்தைப் பற்றி எழுதவில்லை. விதிவிலக்கு ஆதிசங்கரர். பிரம்மசூத்திரத்தில் மூர்ச்சையைப் பற்றி ஒரே ஒரு சூத்திரம் இருக்கிறது. அதற்கு உரை எழுதும்போது அவர் ஏறக்குறைய ஒரு வைத்தியரைப்போலப் பேசுகிறார். மூர்ச்சை விழிப்பு அல்ல, ஏனென்றால் புலன்கள் எதையும் அறிவதில்லை. கனவும் அல்ல. மரணமும் அல்ல, உடம்பில் சூடும் மூச்சும் இருக்கின்றன. உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மக்கள் நெஞ்சுப் பக்கம் கை வைத்துச் சூடு பார்ப்பதையும், மூக்கருகே கை வைத்து மூச்சுப் பார்ப்பதையும் அவர் குறிப்பிடுகிறார். சரி, உறக்கம்தானா? அதுவும் இல்லை. உறங்குபவனைக் கையால் தட்டி எழுப்பலாம், மூர்ச்சையானவன் தடியால் அடித்தாலும் எழமாட்டான். உறக்கம் களைப்பால் வருகிறது, மூர்ச்சை அடிபட்டு வருகிறது. ஆகவே இது பாதி நிலை என்று முடிக்கிறது சூத்திரம். பாதி எது, மீதி எது என்பதில்தான் பின்னால் வந்தவர்கள் மோதிக்கொண்டார்கள்.

மயக்க மருந்து இந்தப் பாதியை ஊசியில் ஏற்றித் தருகிறது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் ஒருவரின் கழுத்துக் கட்டியை அறுத்ததிலிருந்து கணக்கு வைத்தால், சங்கரர் சொன்ன அந்த நிலையை மனிதன் வேண்டும்போது உண்டாக்கி, வேண்டும்போது கலைத்து, ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலமும் ஆராய்ந்த பிறகு தெரிவது இது: பாதி என்ற கணிப்பு சரி, கோடு மட்டும் நேர்க்கோடாக இல்லை.

இதயம் அடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. வலது மேலறையில் உள்ள சைனஸ் முனை தானாகவே மின்துடிப்பு எழுப்புகிறது. நரம்புகளின் தலையீட்டை மருந்தால் முழுக்க அடைத்துவிட்டால், 20 வயதுக்காரரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 107 தடவையும், 60 வயதுக்காரரின் இதயம் 84 தடவையும் துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நரம்பு அறுந்த அந்த இதயம் ஓய்விலும் 90-க்கு மேல் ஓடுகிறது. நம்மில் பெரும்பாலோரின் துடிப்பு 70-ஐ ஒட்டி இருப்பதற்குக் காரணம், மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை ஓயாமல் இழுத்துப் பிடித்திருப்பதுதான். வேகஸைத் தூண்டினால் இதயம் நின்றுபோகிறது என்று வேபர் சகோதரர்கள் 1845-இலேயே காட்டிவிட்டார்கள். ஈதர் மேடையேறுவதற்கு ஓராண்டு முன்பு. எதிர்ப்பக்கம் இழுப்பது பரிவு நரம்பு. பயம், வலி, ஓட்டம் எதுவானாலும் துடிப்பை ஏற்றுவது அது. இரண்டுக்கும் நடுவே நாடி ஒருபோதும் ஒரே சீராக இருப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று வேகம் பிடிக்கும், விடும்போது தணியும்.

மயக்கம் ஏறும்போது முதலில் மெலிவது இந்த ஊசலாட்டம். ப்ரோபோஃபால் ஊசி போட்ட சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் இறங்குகிறது. விழித்திருப்பவருக்கு அழுத்தம் இப்படி இறங்கினால், கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் செய்தி அனுப்பி இதயத்தை விரட்டியிருக்கும். ப்ரோபோஃபாலின் கீழ் அந்த விரட்டல் பெரும்பாலும் வருவதில்லை. அழுத்தம் விழுந்தாலும் நாடி அசையாமல் நிற்கிறது, சிலருக்கு இறங்கவும் செய்கிறது. ரெமிஃபென்டனில் வேகஸின் கையை ஓங்கவைத்துத் துடிப்பைக் குறைக்கும். டெஸ்ஃப்ளூரேன் வாயுவைச் சட்டென்று கூட்டினால் பரிவு நரம்பு கிளர்ந்தெழுந்து துடிப்பை ஏற்றிவிடும். கீட்டமின் ப்ரோபோஃபாலுக்கு நேரெதிர். கண் திறந்தே இருக்கலாம், ஆளைக் காணோம், இதயமோ முன்பைவிட வேகமாக ஓடுகிறது.

ஆள் இல்லாமல் போவது எல்லா மருந்துகளுக்கும் பொது. இதயம் போகும் திசை மருந்துக்கு மருந்து வேறு. அறிகிறவன் அகன்றதற்கும் நாடி நடப்பதற்கும் நிலையான உறவு எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடாத தனித்தனி அறைகள் என்றும் சொல்ல முடியாது. அறிவை அணைக்கிற மருந்துதான் இதயத்தின் கடிவாளத்தையும் தளர்த்துகிறது.

இந்த இடத்தில் பழைய ஆசிரியர்களைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும், புகழ்ந்து பேசுவதற்காக அல்லாமல் வாதிடுவதற்காக.

13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடம்புக்குள் ஆன்மா என ஒன்று உண்டு என்று காட்டக் காரணங்களை அடுக்குகிறார். அவற்றில் ஒன்று பிராணனையே ஆன்மா என்பவர்களுக்குப் பதில். தூங்கும்போதும் மூச்சு ஓடுகிறது. ஆனாலும் நுகர்ச்சி இல்லை, செயல் இல்லை. மூச்சே உயிர் என்றால், மூச்சு இருக்கும்போது அறிவும் இருந்தாக வேண்டும். இல்லையே, ஆகவே அறிகிறவன் வேறு. இந்த வாதத்தை ஆபரேஷன் தியேட்டரில் வைத்துப் பார்த்தால் இன்னும் கூர்மையாகிறது. அங்கே மூச்சைக்கூட இயந்திரம் வாங்கிக்கொள்கிறது.

சைவ சித்தாந்தம் இதோடு நிற்கவில்லை. நனவில் புருவநடுவில் இருக்கும் உயிர், கனவில் கண்டத்துக்கும், உறக்கத்தில் இதயத்துக்கும், துரியத்தில் நாபிக்கும், துரியாதீதத்தில் மூலாதாரத்துக்கும் படிப்படியாக இறங்குகிறது என்று ஐந்து அவத்தைகளை வகுத்தது. துரியம்வரை பிராணன் கூடவே வருகிறது, ஐந்தாவதில் அதுவும் அடங்குகிறது. தசைகளைத் தளர்த்தும் மருந்து போட்டு, சுவாசக் கருவியில் இணைக்கப்பட்ட நோயாளி அந்த ஐந்தாம் படியில்தான் இருக்கிறார் என்று சொல்லிப் பூரிக்க ஆசை வரும். வேண்டாம். சித்தாந்திகள் பேசியது மலத்தில் கட்டுண்ட உயிரின் பயணத்தை. ஊசியின் அளவை அல்ல. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, விழிப்பு ஒரே அடியில் அணைந்துபோவதில்லை, கருவிகள் ஒவ்வொன்றாக ஒடுங்குகின்றன என்ற பார்வை. மயக்கவியல் அதை மறுக்கவில்லை.

ஆள் இல்லாதபோது உடம்பை நடத்துவது யார் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர்கள் வைசேஷிகர்கள். முயற்சி இருவகை என்றார் பிரசஸ்தபாதர். ஒன்று விருப்பு வெறுப்பிலிருந்து பிறப்பது. மற்றது உயிர்வாழ்வதிலிருந்தே பிறப்பது. தூங்குகிறவனின் மூச்சைத் தள்ளுவது இந்த இரண்டாவது வகை. ஆன்மாவின் முயற்சிதான், ஆனால் ஆன்மாவுக்கே தெரியாமல் நடக்கும் முயற்சி. கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயரிட்டது 1898-இல். பெயர் புதிது. அறியாமல் நடக்கும் முயற்சி என்ற சிக்கல் பழையது.

அத்வைதிகளுக்கு இங்கே ஒரு தொல்லை உண்டு. உறக்கத்திலும் சாட்சி இருந்தது என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று, எழுந்தவன் சொல்லும் வாக்குமூலம்: நன்றாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை. தெரியாமை ஞாபகத்தில் இருக்கிறது என்றால், அதைக் கண்டுகொண்டிருந்த ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்பது வாதம். மயக்கத்திலிருந்து எழுகிறவர்கள் பலர் இப்படிச் சொல்வதில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்றுதான் கேட்கிறார்கள். மூன்று மணி நேரம் நடந்த அறுவையில் மூன்று விநாடிகூட அவர்கள் கணக்கில் இல்லை. உறக்கத்தில் ஆன்மா இருக்கிறது, அறிவு இல்லை. அதை எழுந்த பிறகு ஊகித்துத்தான் அறிகிறோம் என்று வாதிட்ட நையாயிகர்களுக்கு இந்தச் சாட்சியம் இனிக்கும்.

ஐரோப்பாவில் இதே கோட்டைக் கிழித்தவர் மேரி பிரான்சுவா ஸாவியே பிஷா. 30 வயதில் இறந்துபோன பிரெஞ்சு உடற்கூறியலாளர். 1800-இல் வெளியான நூலில் உயிர்வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தார். பார்த்து, கேட்டு, நகரும் விலங்கு வாழ்க்கை ஒன்று. செரித்து, சுரந்து, இரத்தம் ஓட்டும் உள்ளுறுப்பு வாழ்க்கை இன்னொன்று. உறங்குவது முதலாவது மட்டும். இரண்டாவது ஓய்வதே இல்லை. இந்தப் பிரிவினை அழகாகத்தான் இருந்தது. ஆனால் உணர்ச்சிகளை என்ன செய்வது? பிஷா அவற்றை உள்ளுறுப்பு வாழ்க்கையின் பக்கம் சேர்த்துவிட்டார். அச்சமும் கோபமும் நெஞ்சில்தான் வேலை செய்கின்றன என்பதால். அந்த ஒரு முடிவின் பொருளை மருத்துவம் புரிந்துகொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் பலர் செத்தார்கள்.

1848 ஜனவரி 28. இங்கிலாந்தில் நியூகாசில் அருகே வின்லேட்டன் என்ற ஊர். 15 வயது ஹன்னா கிரீனர் கால்விரல் நகம் ஒன்றை எடுத்துக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்தாள். நினைத்தாலே பயந்து அழுதுகொண்டிருந்தவள். குளோரோஃபார்ம் நனைத்த துணியை முகத்தருகே பிடித்தார்கள். சில நிமிடங்களில் இறந்துவிட்டாள். மயக்க மருந்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. குளோரோஃபார்மைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜேம்ஸ் யங் சிம்சன் மருந்தின்மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டார். அவளைத் தேற்றுவதற்காக வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியும்தான் மூச்சை அடைத்தன என்றார். லண்டனின் ஜான் ஸ்நோ இதயமே முடங்கியது என்றார்.

மூச்சா, இதயமா? இந்தச் சண்டை ஐதராபாத்தில் உச்சத்துக்குப் போனது. அங்கே மருத்துவப் பள்ளியை நடத்திய எட்வர்ட் லாரி, எடின்பரோவின் ஜேம்ஸ் சைமிடம் பயின்றவர். மூச்சை மட்டும் கவனி, நாடியைத் தொடாதே என்பது அவருடைய மதம். மதம் என்று சொல்வது மிகையில்லை. 1888-இல் ஒரு குழுவை வைத்து நாய்களில் சோதித்தார். குளோரோஃபார்ம் இதயத்தை நேராகக் கொல்வதில்லை என்று அறிக்கை வந்தது. லண்டனின் லான்செட் இதழ் நம்பவில்லை. ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலி கான் ஆயிரம் பவுன் கொடுக்க, 1889-இல் லான்செட்டின் சார்பில் லாடர் பிரன்டன் ஐதராபாத் வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை நடந்தது. முதலில் நிற்பது மூச்சுதான் என்று பிரன்டனும் ஒத்துக்கொண்டார். நிஜாமின் பணத்தில் நடந்த அறிவியல், பெரிய அளவில், கவனமாக நடந்தது. முடிவு தவறு.

ஏன் தவறு என்பதை 1911-இல் லண்டனின் கூட்மன் லெவி காட்டினார். பூனைகளுக்கு ஆழமாக மயக்கம் கொடுத்தபோது ஆபத்து குறைவு. அரைகுறையாகக் கொடுத்து அட்ரினலினும் செலுத்தினால் இதயம் துடிப்பை இழந்து நடுங்கத் தொடங்கியது, பிறகு நின்றது. பயத்தில் உடம்பே சுரக்கும் பொருள் அட்ரினலின். குளோரோஃபார்ம் இதயத் தசையை அதற்கு அளவுக்கு மீறிக் கூசவைக்கிறது. ஐதராபாத் விலங்குகளை ஆழமாக மயக்கிப் பார்த்தது. ஹன்னாவைப்போல அழுதபடி, பாதி விழிப்பில், பாதி மயக்கத்தில் இருப்பவரின் நெஞ்சில் நடப்பது அந்தச் சோதனையில் தென்பட வாய்ப்பில்லாமல் போயிற்று. பிஷா அச்சத்தை வைத்த இடம் சரிதான். அறிகிறவன் மங்கிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய பயம் இதயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆள் போனபிறகும் அது அங்கேயே வேலை செய்கிறது.

இனி மறுபக்கம். மயக்கத்தில் நாடி ஏறினால் அதை வலி என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரத்த அழுத்தம், நாடி, வியர்வை, கண்ணீர் என்ற நான்கையும் மதிப்பெண் போட்டு மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் முறை பல ஆண்டுகள் புழங்கியது. பொதுப் புத்திக்கு ஏற்ற முறை. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகும்போது நாடி துள்ளுவதைப் பார்த்த எந்த மருத்துவரும் அதை அலட்சியம் செய்யமாட்டார். ஆனால் 1977-இல் மைக்கேல் டன்ஸ்டல் ஓர் எளிய தந்திரம் செய்தார். தசை தளர்த்தும் மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு முன்கையை மட்டும் பட்டையால் இறுக்கி, மருந்து அங்கே போகாமல் தடுத்தார். உடம்பு முழுக்க அசையாது, அந்தக் கை மட்டும் அசையும். பிறகு நோயாளியிடம் கேட்பது: நான் சொல்வது கேட்டால் கையை அழுத்துங்கள். சிலர் அழுத்தினார்கள். 2017-இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 260 பேரிடம் செய்த ஆய்வில், குழாய் செருகிய பின் 4.6 விழுக்காட்டினர் அழுத்தினார்கள். எழுந்த பிறகு விழிப்பை நினைவில் வைத்திருப்பவர்களோ மிகமிகக் குறைவு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்து 2014-இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பின்படி, அப்படித் தாங்களாகவே வந்து சொல்பவர்கள் 19,000 மயக்கங்களில் ஒருவர்.

யார் கையை அழுத்துவார் என்று நாடியையும் அழுத்தத்தையும் வைத்து நம்பிச் சொல்ல முடிவதில்லை. உள்ளே கேட்டுக்கொண்டிருப்பவரின் இதயம் அமைதியாக ஓடலாம். ஒருவருமே இல்லாத உடம்பில் அது பாய்ந்து ஏறலாம். மாறுகண் அறுவையில் கண் தசையை இழுக்கும்போது குழந்தையின் துடிப்பு சடக்கென்று விழுவதும், விட்டதும் திரும்புவதும் ஆழ்ந்த மயக்கத்திலும் நடக்கிறது. வியன்னாவில் ஆஷ்னரும் பொலோன்யாவில் டக்னீனியும் 1908-இல் விவரித்த இந்த அனிச்சையில் முக்கிளை நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்கிறது, மூளைத்தண்டு வேகஸிடம் சொல்கிறது. நடுவில் குழந்தை என்ற ஒருவர் வரவே இல்லை.

நாடி நம்பத்தகாத சாட்சி என்று தள்ளிவிட்டுப் போகலாம். அப்படித் தள்ளிய ஒரு காலமும் இருந்தது, அதைப் படித்தால் வயிறு கலங்கும். 1980-கள்வரை பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறக்கும் அறுவைகூடத் தசை தளர்த்தும் மருந்தோடு நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் கொடுத்தோ, அதுவும் இல்லாமலோ நடந்தது. காரணம் இரண்டு சொன்னார்கள். பச்சிளம் நரம்பு முதிரவில்லை, வலி தெரியாது என்பது ஒன்று. முழு மயக்கம் கொடுத்தால் அந்தச் சின்ன இதயம் தாங்காது என்பது இன்னொன்று. இரண்டாவதில் உண்மை இருந்தது. முதலாவது, அசையாத உடம்பைப் பார்த்து வந்த வசதியான முடிவு.

இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டுக்குப் போன கே. ஜே. எஸ். ஆனந்த், பிறந்த பின்னும் மூடாத இரத்தக்குழாயைக் கட்டும் அறுவைக்கு வந்த 16 குறைமாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார். எல்லோருக்கும் வழக்கமான மருந்து. ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக வலியடக்கும் ஃபென்டனில். 1987-இல் லான்செட்டில் முடிவு வந்தது. ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளின் இரத்தத்தில் அட்ரினலினும் பிற அழுத்த ஹார்மோன்களும் பலமடங்கு பொங்கின, அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். குழந்தைக்கு வலித்ததா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அந்த எழுச்சி கேடு செய்கிறது என்று காட்டினார். வழக்கம் மாறியது. தத்துவம் தீர்க்காத ஒன்றைச் சுற்றிக்கொண்டு போக இப்படியும் ஒரு வழி உண்டு. நேர்மையான வழி என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்த வழி அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றும் இருக்கிறது. மூளைத்தண்டு இறந்தவரிடமிருந்து உறுப்புகளை எடுக்கும் அறுவை. தமிழ்நாட்டில் 2008 முதல் அரசுத் திட்டமாகவே நடந்துவருவது. வேகஸ் புறப்படும் இடமே அழிந்துவிட்டதால், வேகஸின் பிடியை விடுவிக்கும் அட்ரோபின் கொடுத்தாலும் அந்த இதயம் வேகமெடுக்காது. ஆனால் கத்தி வைத்ததும் சிலரிடம் நாடியும் அழுத்தமும் ஏறுகின்றன. தண்டுவடத்தின் அனிச்சையும் அட்ரினல் சுரப்பியும் சேர்ந்து செய்வது என்பது விளக்கம். 2000-இல் பிரிட்டனில் யங், மட்டா என்ற இரு மருத்துவர்கள் இவர்களுக்கும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று எழுதியபோது பெரும் வாக்குவாதம் எழுந்தது. கொடுத்தால், இறந்தவர் இறக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதாகாதா என்று ஒரு சாரார். கொடுக்காமல் விடுவதற்கு நம்மிடம் என்ன உறுதி இருக்கிறது என்று மறுசாரார். சட்டம் முதல் பக்கம் நிற்கிறது. சங்கரரின் இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் சிக்கல் கூடுகிறது: நெஞ்சில் சூடு இருக்கிறது, மூக்கில் காற்றும் போய்வருகிறது, அந்தக் காற்று இயந்திரத்தினுடையது. அவர் காலத்தில் மூச்சை வெளியிலிருந்து நடத்திக்கொடுக்க வழியில்லை, அதனால் அவருடைய பாதிக்குள் இப்படி ஒருவர் வந்து படுப்பார் என்று எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. இன்று உறுப்புகள் கெடாமலிருக்க அழுத்தத்தை அடக்கியாக வேண்டும், அதற்கு ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு ஒரு வசதியான மருந்து. அதைத் திறக்கும் மருத்துவர்கள் பலர் அழுத்தத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த வாயு வேறு எதையும் அடக்குகிறதா என்று அவர்களைக் கேட்டால், பாலாகி நின்ற இடத்தில் அவர்களும் நிற்க வேண்டியிருக்கும்.